54ஆம் பிரிவில் விடுபட்டவர்கள்

யானைக்கவுனியில் இப்போது யானையும் கிடையாது, கவுனியும் கிடையாது. ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து மிரட்டிவிட்டுப் போன பிறகு, 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பியது. அதன் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாகப் பிடித்துவிடலாம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. அப்படி வரி போட அதிகாரம் உண்டா என்ற சட்டச் சந்தேகத்தில் வசூல் நடக்கவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டைப் பார்க்க வேண்டுமானால் மாடிப் பூங்காவுக்குப் போக வேண்டும்.

வடக்கே கடலோரமாக இருந்த மீனவக் குப்பங்கள் அந்த மதிலுக்கு வெளியே நின்றன. யாருக்குப் பாதுகாப்பு என்பதை மதில் கட்டியவர் முடிவு செய்தார். இரண்டரை நூற்றாண்டு கழித்தும் அதே வடசென்னையில், அதே கடலோர மக்கள் இன்னொரு மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள். இது செங்கல் மதில் இல்லை. சட்டப் புத்தகத்தில் ஒற்றை வாக்கியமாக இருக்கிறது.

நம் சுற்றுச்சூழல் சட்டங்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் அந்த வாக்கியம் வந்துவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்த, செய்ய நினைத்த காரியத்துக்காக இன்னின்னார் மீது வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் அது 59ஆம் பிரிவு. 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 42ஆம் பிரிவு. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவு. ஆலைக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரி, ஆலையை மூடச் சொல்லி உத்தரவிடும் வாரியத் தலைவர், சோதனைக்குப் போகும் பொறியாளர் என்று எல்லோரும் இந்த வாக்கியத்தின் நிழலில்தான் வேலை செய்கிறார்கள். அது தேவையும்கூட. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் சொந்த வீடு ஜப்தியாகுமோ என்று பயந்துகொண்டிருந்தால் எந்த அதிகாரியும் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்த 'இன்னின்னார்' யார் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைத்தே தீர வேண்டும் என்கிறது அதன் 41ஆம் பிரிவு. 2004ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் தலைவரோடு சேர்த்து ஏழு பேர்வரை இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினர். மீனவர், விவசாயி, நாட்டு வைத்தியர் போன்ற உள்ளூர் ஆட்களுக்காகவே உருவான இடம் அது. இந்தக் குழுக்களை அமைக்காமல் மாநிலங்கள் இழுத்தடித்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்து, தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 2019இல் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் வேகம் பிறந்தது. இன்று நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் காகிதத்தில் இருக்கின்றன.

அதே சட்டத்தின் 54ஆம் பிரிவு, நல்லெண்ணப் பாதுகாப்பு யார் யாருக்கு என்று 2002இல் பட்டியலிட்டது. மத்திய அரசு, மாநில அரசு, அவற்றின் அதிகாரிகள், தேசிய பல்லுயிர் ஆணையத்தின் உறுப்பினர்கள், ஊழியர்கள், மாநில பல்லுயிர் வாரியத்தின் உறுப்பினர்கள், ஊழியர்கள். அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. மேலாண்மைக் குழு உறுப்பினர் அதில் இல்லை. அதற்கு முந்தைய 53ஆம் பிரிவு ஆணையத்தாரையும் வாரியத்தாரையும் பொது ஊழியர்களாகக் கருத வேண்டும் என்கிறது. அங்கேயும் குழு உறுப்பினர் இல்லை.

குழு அமைக்காவிட்டால் மாநிலத்துக்கு அபராதம். குழுவில் உட்கார்ந்து உண்மையைச் சொல்பவர் மீது வழக்கு வந்தால் அவர் பாடு, அவர் வக்கீல் பாடு.

இது மறதியா, வேண்டுமென்றே விட்டதா என்று தெரியவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது மறதியாகவே படுகிறது. 2002இல் சட்டம் எழுதியவர்கள் இந்தக் குழுக்களை மூலிகைப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் பெரியவர்களின் கூட்டமாகத்தான் கற்பனை செய்திருக்க வேண்டும். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாயும் துறைமுகமும் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த இடத்தில் அப்படி ஒரு குழு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

எண்ணூரில் ஒரு வாக்கியத்தின் விலை

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. மணலியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம்வரை போனது. காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் சிறகு எல்லாம் கறுத்தன. குவளையும் வாளியும் வைத்து எண்ணெயை அள்ளியவர்கள் பெரும்பாலும் மீனவர்களே. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

இந்த எண்ணெய் இன்ன ஆலையிலிருந்து வந்தது என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் இதை அறிக்கையில் எழுதினால் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்கிறது. அவர் கணிப்பு தவறாகவே இருந்தாலும், நேர்மையாக எழுதியிருந்தால் போதும். அதே வாக்கியத்தை உள்ளூர்க் குழு உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சொல்லி, தீர்மானமாக எழுதி, தொலைக்காட்சி மைக் முன்னாலும் சொன்னால் அது ஒரு நிறுவனத்தின் நற்பெயர் மீதான குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கும் வரலாம். அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை. கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது.

அதே 356ஆம் பிரிவு, அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தால் அவதூறு ஆகாது என்று விதிவிலக்கும் தருகிறது. ஆனால் அந்த விதிவிலக்குக்குள் தான் வருவதை விசாரணையில் மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. அதற்குள் எத்தனை வாய்தா போகும் என்பதை ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் சொல்வார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. 1897ஆம் ஆண்டு பொது வாசகச் சட்டப்படி, கவனக்குறைவு இருந்தாலும் நேர்மையாகச் செய்தால் அது நல்லெண்ணம்தான். தண்டனைச் சட்டமோ உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்கிறது. அதிகாரிக்குத் தளர்வான அளவுகோல், மீனவருக்கு இறுக்கமான அளவுகோல். ஆய்வுக்கூடமும் ஊழியர்களும் வாகனமும் அதிகாரியிடம். கைப்பேசி கேமராவும் தண்ணீரின் நாற்றமும் மீனவரிடம்.

எண்ணூரில் உள்ளூர்க்காரர் வாய் திறந்ததால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம், கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியது. பின்னால் புழக்கத்தில் இருந்த வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம். 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக இது வெளியே வந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஆற்றில் கொட்டுவதைப் பற்றி 2016இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனவரும் காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர்தான். 2022இல் விரிவான உத்தரவு வந்தது. ஆறு ஆண்டு ஒரு கட்டுமரக்காரர் வழக்கு நடத்துவது சின்னக் காரியம் இல்லை. அரசு அலுவலகம் தானாகக் கண்டுபிடித்து வெளியே சொன்ன பெரிய விஷயம் இந்தப் பட்டியலில் எது என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

தீர்ப்பாயத்துக்குப் போவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, வழக்கு பொய்யானது, தொல்லை தருவது என்று தீர்ப்பாயம் கருதினால் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டச் சொல்லலாம் என்கிறது. இடைக்காலத் தடையால் ஏற்பட்ட இழப்பையும் அதில் சேர்க்கலாம். நூறு கோடித் திட்டம் ஒரு மாதம் நின்றால் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் மீனவர் கோர்ட்டு வாசலோடு திரும்பிவிடுவார்.

கடலோரத்துக்கு இன்னொரு அமைப்பும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு அமைக்க வேண்டும், அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையங்களின் உறுப்பினர்களைக் காக்கிறது. மாவட்டக் குழு என்பது அப்படி ஓர் ஆணையமா, ஆணையத்துக்கு ஒத்தாசை செய்யும் கூட்டமா? இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடலாம் என்று வந்துவிட்டாலே வசதி உள்ளவர் பக்கம் பாதி ஜெயம். கானுயிர்ச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலும் அரசு அதிகாரிகள், ஊழியர்கள் பெயர் வருகிறது. அதே சட்டத்தின் 36-டி பிரிவில் வரும் சமூகக் காப்பகக் குழுவில் உட்காரும் கிராமத்து ஆள் அதில் வருவதில்லை.

நோட்டீஸ் ஒன்றே போதும்

பேசுகிறவரை மிரட்டும் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்பதற்காகப் போடப்படுவதில்லை. இந்த வகை வழக்குகளின் குணமே அதுதான். எதிராளியின் நேரமும் பணமும் தூக்கமும் போய், அடுத்த கூட்டத்துக்கு அவர் வராமல் இருந்தால் நோக்கம் நிறைவேறிவிட்டது. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் 1980களில் இதற்கு 'ஸ்லாப்' என்று பெயர் வைத்தார்கள். பொது விஷயத்தில் பேசுகிறவரை வாயடைக்கப் போடும் வழக்கு. 1992இல் கலிபோர்னியா இதற்கு எதிராகச் சட்டம் போட்டது.

இந்தியாவில் பேசப்பட்ட வழக்கு ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தை ஒட்டியது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரைக்குப் பக்கத்தில் துறைமுகம் வருவதைக் கிண்டல் செய்து கிரீன்பீஸ் அமைப்பு ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜனவரி 28 அன்று நீதிபதி ரவீந்திர பட் தடை தர மறுத்தார். அது உலகம் முழுக்கக் கிளை உள்ள அமைப்பு, வக்கீல் வைக்க முடிந்தது. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஏழு பேர் கொண்ட குழுவுக்கு 10 கோடி ரூபாய் நோட்டீஸ் வந்தால், அதைத் தமிழில் படித்துச் சொல்லவே முதலில் ஒருவரைத் தேட வேண்டும். 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வகை வழக்குகளின் ஆபத்தைக் குறிப்பிட்டு, விசாரணைக்கு முன்பே வாயடைக்கும் தடையைச் சுலபமாகத் தரக் கூடாது என்று எச்சரித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஊடக நிறுவனம் தொடர்பான தீர்ப்பு.

நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு 35-ஏ பிரிவு இருக்கிறது. பொய் வழக்கு, தொல்லை வழக்கு போட்டவர் எதிராளிக்கு ஈட்டுத் தொகை கட்ட வேண்டும் என்கிறது. உச்சவரம்பு 3,000 ரூபாய். மூன்று லட்சம் இல்லை, மூன்றாயிரம்தான். கோடிக்கணக்கில் கேட்டு மிரட்டும் வழக்கு பொய்யென்று நிரூபணமானாலும் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் இதுதான் வரம்பு. தொல்லை வழக்காளிகளைத் தடுக்க நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1949இல். அந்தப் பெருமையை இங்கே கொண்டாட முடியவில்லை. வழக்கு மேல் வழக்கு போடுவதையே வழக்கமாக வைத்திருக்கும் ஆளை அட்வகேட் ஜெனரல் மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் தடுப்பதற்கான சட்டம் அது. ஒரே ஒரு பெரிய வழக்கைப் போட்டு ஒரு குப்பத்தையே ஊமையாக்குபவர் அதில் சிக்க மாட்டார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்ததைப் பார்ப்போம். நம் ஆட்கள் லட்சக்கணக்கில் குடியேறிய மாகாணம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. சூ செயின்ட் மேரி என்ற ஊரில் ஈரநிலத்தை ஒட்டி 91 மனைகள் போட ஒரு நிறுவனம் திட்டமிட்டது. உள்ளூர் இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் தந்ததை ஒரு குடியிருப்போர் சங்கம் எதிர்த்தது. சங்கத் தலைவர், திட்டத்தை விசாரித்த வாரியத்தின் முன் ஈரநிலம் கெடும் என்று சாட்சி சொன்னார். அவ்வளவுதான். தன்னோடு முன்பு செய்திருந்த ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று சங்கத்தின் மீதும் உறுப்பினர்கள் ஆறு பேர் மீதும் 60 லட்சம் டாலர் கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. 2015இல் ஒன்டாரியோ ஒரு சட்டம் போட்டிருந்தது. பொது நலன் தொடர்பான பேச்சுக்காக வழக்கு வந்தால், முழு விசாரணைக்குப் போகாமல் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். வழக்குப் போட்டவர் தன் வழக்கில் சாரம் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். 2020 செப்டம்பர் 10 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த 60 லட்சம் டாலர் வழக்கைத் தள்ளியது.

பணக்கார நாட்டுக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும் என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2010இல் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான நடைமுறை விதிகளை வகுத்தபோது, இது வாயடைப்பு வழக்கு என்று பிரதிவாதி பதில் மனுவிலேயே சொல்லலாம், அதை நீதிமன்றம் சுருக்கமாக விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தது. நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு

குழு உறுப்பினர் என்ற அட்டையை வைத்துக்கொண்டு ஆலை வாசலில் வசூல் செய்கிறவர் இருக்க மாட்டார் என்று யாரும் உறுதி தர முடியாது. பல்லுயிர்ச் சட்டமே இந்தக் குழுக்களுக்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் தருகிறது. பணம் கைமாறும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாதுகாப்புக் கொடுத்தால் வேலியே பயிரை மேயும். கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களைக் குழுவில் நிரப்புவதும் புதிதில்லை.

அதனால் முழு விலக்கு கேட்பது தவறு என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டியது, வாரியத்து அதிகாரிக்கு இருக்கும் அதே நல்லெண்ணப் பாதுகாப்பு. குழு உறுப்பினராகச் சொன்னதற்கும், பதிவேட்டில் எழுதியதற்கும், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியதற்கும், அதிகாரிக்குக் கொடுத்த புகாருக்கும் அது பொருந்த வேண்டும். லஞ்சத்துக்கும் மிரட்டலுக்கும் தெரிந்தே சொன்ன பொய்க்கும் பொருந்தக் கூடாது. அதிகாரிகளில் நேர்மையற்றவர் உண்டு என்பதற்காக யாரும் 18ஆம் பிரிவை எடுத்துவிடச் சொல்வதில்லையே.

2023இல் பல்லுயிர்ச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டத்தை மீறியவருக்கு இருந்த சிறைத் தண்டனை எடுக்கப்பட்டு, ஒரு லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியது. தொழில் செய்ய இலகுவாக இருக்க வேண்டும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. மீறியவரின் சங்கடத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த விவாதத்தில், காவல் இருப்பவரின் சங்கடம் பெரிதாகப் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, இதே சென்னையில் தரமணியில் இருக்கிறது. 54ஆம் பிரிவில் 'பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்' என்ற மூன்று நான்கு சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று அது பரிந்துரைக்க எண்ணூரிலிருந்து எவரும் வெகுதூரம் பயணம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

அதுவரை மாநில அரசு சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. குழுப் பணிக்காக உறுப்பினர் மீது வழக்கு வந்தால் அரசு வழக்கறிஞரே ஆஜராவார், செலவை அரசு ஏற்கும் என்று ஓர் அரசாணை போடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவித்தது மாநில அரசுதான். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக அந்தப் பகுதி கிராமசபைகள் தீர்மானம் போட்டு எதிர்த்து நின்றதையும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததையும் எல்லோரும் பார்த்தோம். உள்ளூர்த் தீர்மானத்துக்கு இருக்கும் வலுவை மதுரைப் பக்கம் ஒப்புக்கொண்ட பிறகு, எண்ணூர்ப் பக்கம் அதைத் தனிமனிதரின் வாய்த்துடுக்காகப் பார்க்க நியாயமில்லை.

இப்போது ஏதாவது குழுவில் இருப்பவர்களுக்கு, இருக்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாகப் பேசாதீர்கள், தீர்மானமாகப் பேசுங்கள். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். படம் எடுத்தால் தேதியும் இடமும் பதியும்படி எடுங்கள். முதலில் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு பிறகு பத்திரிகைக்காரரிடம் பேசுங்கள். கண்ணால் கண்டதையும் சந்தேகப்படுவதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பரணில் போடாதீர்கள்.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்புக்குள் வரும் எவருக்கும் உண்டு. வெள்ளம், தொழிற்சாலை விபத்து போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. எண்ணெயில் படகு நனைந்த குடும்பங்கள் அந்த வரியைக் காட்டி உரிமையோடு கேட்கலாம். யானைக்கவுனியிலிருந்து பாரிமுனைக்கு நடந்து போகிற தூரம்தான். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கிறது. மனு எழுதித் தருவதற்குக் கட்டணம் கிடையாது.